அணைக்காமல் மூடிய கணினி

மேரிஜோசப்பினுக்குக் கோபம் வந்தால் மனிதரை ‘நீ’ என்பாள். கணினியை மட்டும் எந்தக் கோபத்திலும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவாள். “உமக்கு இப்ப என்ன குறை?” என்று அவள் கேட்பது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே எங்கள் தீவில், ஊர்காவற்றுறை மாதா கோயில் மண்டபத்தை எங்கள் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். கடற்கரைப் பக்கம் நான் தையல் பழக்கினேன், தெருப் பக்கம் அவள் கணினி பழக்கினாள். நடுவில் என் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. என் பக்கத்து நூல் தூசி பறந்து வந்து தன் கணினிகளின் மூக்கை அடைக்கிறது என்று கிழமைக்கொரு தடவை சண்டைக்கு வருவாள். நானும் சும்மா விடமாட்டேன்.

அவளுடைய தகப்பன் குருசுமுத்து கடற்றொழிலாளி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவே கிளம்பி ஓடியபோது அந்தக் குடும்பம் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அவள் கணினியும் படித்தாள், சிங்களமும் படித்தாள். ஊருக்குத் திரும்பலாம் என்று சொன்னவுடன் வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கொழும்பில் நல்ல உத்தியோகம் கிடைத்திருக்குமே, ஏன் வந்தாய் என்று கேட்டால் அங்கே விற்கிற மீன் நாறும் என்பாள். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டால், பழுதை முகத்துக்கு நேரே சொல்கிறவளை எவன் கட்டுவான் என்று திருப்பிக் கேட்பாள். அதில் பொய்யில்லை. பங்குச் சுவாமியாருடைய கணினி நின்றுபோனபோது அதைத் திறந்து, உள்ளே குடியிருந்த எறும்புக் கூட்டத்தைக் காட்டி, பிஸ்கற் சாப்பிடுவதற்கு வேறு மேசை பாருங்கள் என்று சொன்னவள் அவள். ஆருக்காகவும் ஒரு பழுதை அவள் பூசி மெழுகியதை நான் கண்டதில்லை. கண்டது ஒரே ஒரு நாள்தான், அந்த நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. போரில் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. சாமான்கள் கப்பலில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் அனுமதி எடுத்துப் போய், சொன்ன நேரத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். பொழுதுபட முன்பே வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. ‘காணேல்லை’ என்ற சொல்லை ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொன்ன காலம் போய், மனிதருக்குச் சொல்லும் காலம் வந்திருந்தது. ஒருவரைக் காணவில்லை என்றால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை, எந்த இடத்தில் என்றுதான் கேட்பார்கள். பதில் வந்ததும் அந்தக் கதையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அப்படியான நாளொன்றில் நாரந்தனையிலிருந்து சறோஜினிதேவி அக்கா மண்டபத்துக்கு வந்தார். காணி பூமி உள்ள கமக்காரக் குடும்பம், புருஷன் இறந்து கனகாலம். மகள் தர்சினி லண்டனில் இருந்தாள். மகன் அனோஜன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அக்காவின் பன்பையில் மேலே கத்தரிக்காய் தெரிந்தது. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக என் தையல் மேசையில் எடுத்து வைத்த பிறகுதான், அடியில் துவாயால் சுற்றியிருந்த மடிக்கணினி வெளியே வந்தது. தர்சினி தம்பிக்காக அனுப்பியது அது.

அனோஜனைக் காணாமல் ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது என்று அக்கா சொன்னார். யாழ்ப்பாணம் போய்வருகிறேன் என்று காலை பஸ்ஸில் ஏறியவன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை மட்டும் இறக்கினார்களாம். அதை ஒருவர் கண்டிருக்கிறார், ஆனால் கண்டதாக எங்கேயும் வந்து சொல்லமாட்டார். சாவடிக்குப் பின்னால் இருந்த இராணுவ முகாமுக்கு அக்கா தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார். அப்படி ஒருவரும் வரவில்லை, படம் இருந்தால் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. பழைய அல்பங்கள் ஓடிய ஓட்டத்தில் தொலைந்துவிட்டன. பிறகு எடுத்தவற்றை, குழுப்படத்தில் பக்கத்தில் நின்றவனுக்காகவும் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற கதை பரவியபோது, அக்காவே குசினி அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள், எங்கள் வீட்டிலும் செய்தோம்.

“படம் இதுக்குள்ளைதான் இருக்கு பிள்ளை,” என்றார் அக்கா. “எனக்கு அவன்ரை முகத்தை எடுத்துத் தாரும்.”

ஜோசப்பின் மடிக்கணினியைத் திறந்து உயிர்ப்பித்தாள். அது எழும்புவதற்குள் நான் ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டி முடித்துவிட்டேன். திரை வந்தது, ஆனால் அம்புக்குறி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, திரும்பவும் நின்றது. படங்கள் இருந்த பகுதியைத் திறக்க முன்பே அடிப்பகுதி தோசைக்கல்லாகக் கொதித்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அணைந்துபோனது. ஆறவிட்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் அதே கதைதான்.

எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். முந்தி நன்றாகத்தான் இருந்ததாம். யாழ்ப்பாணத்தில் ஒரு சினேகிதனிடம் சீடி வாங்கிவந்து புதிதாக எதையோ ஏற்றினான், அதற்குப் பிறகு கொதிக்கிறது, இழுபடுகிறது என்று புறுபுறுத்துக்கொண்டு திரிந்தான் என்றார் அக்கா. ஜோசப்பின் தலையாட்டினாள். புதுப்பிப்பு ஏற்றினால் சில கணினிகள் அப்படித்தான், உள்ளே ஏதோ ஒரு வேலை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லாத இணையத்தைத் தேடிக்கொண்டிருக்கும், அதனால் சுடும், அந்த வேலையை நிறுத்தினால் சரி என்று எனக்கு விளக்கினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அவள் குரலில் பயம் இல்லை என்பது விளங்கியது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அக்காவை உதவி அரசாங்க அதிபர் கந்தோருக்குப் போய் அங்கேயும் ஒரு முறை கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். மண்டபத்துக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. ஓட்டியவனின் முகம் ஹெல்மெற்றுக்குள் இருந்தது. அக்கா தெருவில் இறங்கி நடந்தபிறகு அதுவும் மெதுவாகக் கிளம்பியது. நான் தையல் மெசினை ஓட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை கணினி எழும்பியதும் ஜோசப்பின் விறுவிறுவென்று அந்த ஓயாத வேலையைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். அம்புக்குறி சுறுசுறுப்பாக ஓடியது. அவளுக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசம் அரைத் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் நிற்கவில்லை. சூடு குறையவே இல்லை, பெட்டி மறுபடி அணைந்தது. அவள் கன்னத்தைச் சரித்து, காதை அதன் பக்கவாட்டில் வைத்துக் கேட்டாள்.

“சவுந்தரி, இஞ்சை வாரும்,” என்று என்னைக் கூப்பிட்டாள். “இந்தச் சூட்டுக்கு உள்ளுக்கை காத்தாடி கத்தவேணும். இது மூச்சே விடேல்லை.”

அவள் அதைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினாள். கழற்றினாள் என்று சொல்வதே பிழை. எல்லாம் தளர்வாக, விரல் நகத்துக்கே சுழன்று வந்தன. முன்பே ஒருவர் திறந்திருக்கிறார், திரும்பவும் திறக்கப்போகிறோம்தானே என்று இறுக்காமல் விட்டிருக்கிறார். மூடியைத் தூக்கியதும் உள்ளே மூலை முடுக்கெல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சூட்டுக்கும் கடல் ஈரத்துக்கும் அது பசையாகி, பிறகு காய்ந்து இறுகியிருந்தது. காற்றாடி இருக்க வேண்டிய இடம் வட்டமாக வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஓரத்தில் ஒடிந்த இதழ் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தீவில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? கூழுக்கும் பிட்டுக்கும் பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மா. கணினிக்குள் ஒடியல் மா எப்படி வந்தது என்று நான் சிரித்தேன். ஜோசப்பின் சிரிக்கவில்லை. அந்த வெறும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கந்தோரிலிருந்து வெறுங்கையுடன் திரும்பி வந்தார். அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, இதை வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஜோசப்பின் சாதாரணமாகத்தான் கேட்டாள். அக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. போன மாதம் நடந்த சுற்றிவளைப்பைச் சொல்லத் தொடங்கினார். விடியவே ஊரை வளைத்து, ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அனோஜன் அந்த நேரம்தான் சீடியைப் போட்டு எதையோ ஏற்றிக்கொண்டிருந்தான். முடியுமட்டும் அணைக்கக்கூடாது, அணைத்தால் எல்லாம் பழுதாகிவிடும், திரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டான். கணினி கண்ட வீடுகளில் அதையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் சொன்னாள்.

“நான் அணைக்கேல்லை பிள்ளை,” என்றார் அக்கா. “அவன் சொன்ன மாதிரியே ஓடவிட்டு, மூடியை மட்டும் சாத்தி, குசினியிலை ஒடியல் மாச் சாக்குக்குள்ளை ஆழமாப் புதைச்சு வைச்சன். சாக்கைக் குத்தியும் பாத்தவங்கள். அம்பிடேல்லை.”

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெருமைப்பட அவருக்கு உரிமை இருந்தது. அன்றைக்குப் பிள்ளையும் மைதானத்திலிருந்து திரும்பி வந்தான், கணினியும் தப்பியது. பற்றறி முடியுமட்டும் அது சாக்குக்குள் ஓடி ஓடி மாவை உறிஞ்சிக்கொண்டு கிடந்ததை ஆர் கண்டார்கள்? எங்களில் எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்திருப்பாள். நகை, காணி உறுதி, றேடியோ என்று எதை ஒளிப்பதென்றாலும் எங்களுக்கு மாவும் நெல்லும்தான் பெட்டகம்.

வேறு ஆராவது என்றால் ஜோசப்பின் அந்த இடத்திலேயே வெடித்திருப்பாள். ஓடுகிற கணினியை மாவுக்குள் வைத்த புத்தியை ஒரு கிழமைக்குச் சொல்லிக் காட்டியிருப்பாள். அன்று அவள் மூடியை மெல்ல அக்காவின் கண்ணுக்குத் தெரியாதபடி சரித்துவைத்தாள். அனோஜன் போன அன்று கையில் என்ன கொண்டுபோனான் என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றார் அக்கா. பிறகு யோசித்து, சின்னதாக ஏதோ ஒன்றைக் கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தான், வயர்த் துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டுதான் வாசல் படலையைத் திறந்தான் என்றார்.

ஜோசப்பினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் ஒரு பெடியனுடைய பொக்கற்றுக்குள் வயரோடு ஒரு சின்ன மோட்டர் இருந்தால் சோதனைச் சாவடியில் அதை ஆர் காற்றாடி என்று நம்பப்போகிறார்கள்? அதுவும் வெள்ளைத்தூள் அப்பிய மோட்டர்.

அது கணினியின் காற்றாடி, மாற்றுவதற்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான் என்று ஜோசப்பின் சொன்னாள். அது ஏன் பழுதானது என்று அக்கா கேட்டார். ஜோசப்பின் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள், “உப்புக்காத்து, அக்கா. இறுகிப்போச்சு. இஞ்சை எல்லாத்துக்கும் அதுதானே வருத்தம்.” நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, ஒரு வேலையுமில்லாமல் கத்தரிக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவள் பல்லுத் தூரிகையால் மாவைச் சுரண்டி எடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டி முடிந்து அக்காவுக்குத் தெரியாமல் என்னிடம் தந்தாள். மூடி இல்லாத கணினிக்கு நேராக மேசைக் காற்றாடியைப் பிடித்துவைத்து ஓடவிட்டாள். சூடு அடங்கியது. அணைவதற்கு முன் படங்களைத் தன் கணினிக்கு மாற்றிவிட்டாள். அதில் ஒன்றை அச்செடுத்தாள். நயினாதீவு இறங்குதுறையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான் அனோஜன், நெற்றியில் விபூதி, ஏதோ பகிடிக்குச் சிரித்து முடிக்கிற முகம். அக்கா அதை வாங்கிப் பார்த்தார். அழவில்லை. சேட்டுக் கொலர் மடிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அக்காவை முகம் கழுவ அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திச் சண்டை பிடித்தோம். படத்தை மட்டும் கொடுத்து அனுப்பு, காற்றாடிக் கதையை எடுக்காதே என்றேன் நான். அவன் எதைக் கொண்டுபோனான் என்று நாங்களாகவே போய்ச் சொன்னால், இல்லாத குற்றத்துக்கு நாங்களே சாட்சி சொன்னமாதிரி ஆகிவிடாதா? உன்னையும் பிடித்து வைத்தால் என்ன செய்வாய்? இதையெல்லாம் கேட்டேன். பயத்தில் கேட்டேன், அதை மறைக்கவில்லை.

“அது என்ன சாமான் எண்டு அவங்களுக்குத் தெரியாது,” என்றாள் ஜோசப்பின். “தெரிஞ்சவள் நான் சும்மா இருந்தால், அவனை வைச்சிருக்கிறதுக்கு நானும் ஒரு காரணம்.”

மூவரும் மத்தியான பஸ்ஸில் போனோம். முகாம் வாசலில் எங்களை நெடுநேரம் வெயிலில் நிற்பாட்டிவைத்தார்கள். உள்ளே போனபோது ஓர் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். இளவயது, மரியாதையான ஆள். கதிரை போடச் சொன்னார், தண்ணீர் வந்தது. அந்த மரியாதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஜோசப்பின் சிங்களத்தில் பேசினாள். எனக்கும் அக்காவுக்கும் அந்தப் பாசை தெரியாது. அவள் பிறகு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

படத்தை மேசையில் வைத்தாள். அதிகாரி பார்த்துவிட்டு, தெரியாது என்றார். அவள் மடிக்கணினியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றி, அந்த வெறும் வட்டத்தைக் காட்டினாள். இதற்குள் இருந்த காற்றாடியைத்தான் இவன் மாற்றுவதற்குக் கொண்டுபோனான், இப்படி உருவம், இத்தனை வயர், ஓர் இதழ் உடைந்திருக்கும், அந்த இதழ் இதோ என்று மேசையில் வைத்தாள். அதிகாரி இதழையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவனிடம் ஏதோ சொன்னார்.

அவன் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து வைத்தான். அதற்குள் காற்றாடி இருந்தது.

ஜோசப்பின் அதைக் கையில் எடுத்து வட்டத்தில் வைத்தாள். சரியாகப் போய் இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது, என் முகமும் மலர்ந்திருக்கும். சாமான் இங்கே இருக்கிறது என்றால் பிள்ளையும் இங்கேதானே இருப்பான்? நான் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

அதிகாரி காற்றாடியைத் திருப்பி, அடியில் இறுகியிருந்த வெள்ளையை விரலால் தொட்டுக்காட்டி ஏதோ கேட்டார். ஜோசப்பின் அக்காவை ஒருமுறை பார்த்தாள். சிங்களத்தில் சொன்னால் அக்காவுக்கு விளங்காது, அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாளாம். மாச் சாக்குக் கதையைச் சொன்னாள். அதிகாரி நம்பாமல் தலையை ஆட்டினார். என்ன கேட்கிறார் என்று அக்காவுக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை. அவர் குனிந்து காற்றாடியை எடுத்து மணந்து பார்த்தார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அதிகாரி பார்க்கும்படியாக மென்று விழுங்கினார்.

“ஒடியல் மா,” என்றார். பிறகு ஜோசப்பின் பக்கம் திரும்பினார். “உப்புக்காத்து எண்டனீர்.”

ஜோசப்பின் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரிக்கு அது மாதான் என்று விளங்கிவிட்டது. அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு சந்தேகம் தீர்ந்தவனுடைய சிரிப்பு. காற்றாடியை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார், கொண்டுபோகலாம் என்றார். பெடியன் எங்கே என்று ஜோசப்பின் கேட்டாள். இது தெருவில் கிடந்து எடுத்த சாமான், பெடியன் ஒருவரும் இங்கே வரவில்லை என்றார். தானாக நடந்துவந்தா தெருவில் கிடந்தது என்று அவள் மறுபடி கேட்டாள். அவர் எழுந்து நின்றார். வரும்போது எழுந்த அதே மரியாதையோடுதான் எழுந்தார். வாசலில் நின்றவன் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

பஸ்ஸுக்காகத் தெருவில் நின்றோம். அக்கா காற்றாடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கையில் பிடித்திருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, யாரும் பார்க்காதபடி துடைத்துக்கொண்டேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர் ஜோசப்பினிடம் சொன்னார்.

“இனிப் பொய் சொல்லாதையும் பிள்ளை. அண்டைக்கு நான் அதை அணைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்?”

ஜோசப்பின் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் அக்காவின் பக்கம் திரும்பி, கணினிப் பழுதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

“ஒண்டும் நடந்திராது அக்கா. சீடியைப் போட்டுத் திரும்ப ஏத்தியிருக்கலாம்.”

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் ஏறுங்கோ ஏறுங்கோ என்று அவசரப்படுத்தினான். அக்கா ஏறவில்லை. திரும்பி முகாமின் பக்கமாக நடக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால் ஓடிப்போய், இரண்டு பக்கமும் பிடித்துத்தான் அவரை ஏற்றினோம்.